தினம் எட்டு மைல் நடந்த பேராசிரியர்

மும்பை சர்ச்கேட் ரயில் நிலையத்திலிருந்து மரின் லைன்ஸ், சார்னி ரோடு பக்கமாக, ரயில் பாதையை ஒட்டியே ஒரு நீண்ட சாலை செல்கிறது. பழைய ஆட்கள் அதை குவீன்ஸ் ரோடு என்பார்கள். இப்போது அதன் பெயர் மகரிஷி கார்வே சாலை. நம்மவர்களில் எத்தனையோ பேர் டிபன் கேரியரும் கையுமாக அந்தச் சாலை வழியாகத்தான் வேலைக்குப் போய் வருகிறார்கள். புனேயில் இருக்கும் தமிழர்களுக்குக் கார்வே ரோடும் கார்வே நகரும் தெரியாமல் இராது.

பெயர் தெரியும். ஆள் யார்?

மகரிஷி என்றதும் காவி உடுத்திக் காட்டுக்குப் போனவர் என்று எண்ணிவிட வேண்டாம். இவர் கல்லூரியில் கணக்குச் சொல்லிக் கொடுத்து மாதச் சம்பளம் வாங்கியவர். மேடையேறிப் பேசிக் கூட்டத்தைக் கட்டிப் போடும் திறமை இவருக்குக் கிடையாது. சிறு வயதிலிருந்தே கூச்ச சுபாவம். இப்படிப்பட்ட ஒருவர்தான் ஊரே எதிர்த்தபோதும் அசையாமல் நின்று, இந்தியாவின் முதல் பெண்கள் பல்கலைக்கழகத்தை உண்டாக்கினார். எப்படி முடிந்தது? ஒரே நாளில் முடியவில்லை. ஒவ்வொரு நாளும் கொஞ்சம் கொஞ்சமாக முடிந்தது. அவருடைய வாழ்க்கையின் ரகசியமே அவ்வளவுதான்.

நடந்து போய்த் தோற்றவர்

தோண்டோ கேசவ கார்வே 1858ஆம் ஆண்டு ஏப்ரல் 18ஆம் தேதி, கொங்கண் பகுதியில் ரத்னகிரி மாவட்டத்தில் பிறந்தார். கடற்கரையோரத்து முருட் கிராமம்தான் குடும்பத்துக்குச் சொந்த ஊர். மரியாதை உண்டு, வசதி இல்லை என்ற வகையைச் சேர்ந்த குடும்பம். பையன் படித்து ஒரு சர்க்கார் உத்தியோகத்துக்குப் போனால் போதும் என்பதுதான் வீட்டாரின் ஆசை.

அந்தக் காலத்தில் வாத்தியார் வேலைக்கோ சிறு உத்தியோகத்துக்கோ போக வேண்டுமானால் மராத்தியில் ஒரு பொதுத் தேர்வு எழுதித் தேற வேண்டும். 1875ல் அந்தத் தேர்வு எழுத சாத்தாராவுக்குப் போக வேண்டியிருந்தது. மழைக்காலம். பஸ் ஏது, ரயில் ஏது? சில தோழர்களோடு மலை ஏறி இறங்கி சுமார் 110 மைல் நடந்தே போய்ச் சேர்ந்தார் கார்வே.

அங்கே என்ன நடந்தது தெரியுமா? அவரைத் தேர்வு எழுதவே விடவில்லை. ஆள் ஒல்லி, குள்ளம். தேர்வுக்குரிய வயது ஆகியிருந்தும், பார்த்தால் அப்படித் தெரியவில்லை என்று அதிகாரி திருப்பி அனுப்பிவிட்டார். வந்த வழியே ஊர் திரும்புவதைத் தவிர வேறு வழியில்லை.

இந்த இடத்தில் பலர் விட்டுவிடுவார்கள். நமக்கு எழுதி வைத்தது இவ்வளவுதான் என்று தலைவிதியின் மேல் பழியைப் போட்டுவிட்டு உட்கார்ந்து விடுவார்கள். கார்வே விடவில்லை. பிறகு கோலாப்பூர் சென்று அதே தேர்வை எழுதித் தேறினார். அதோடு நிற்கவும் இல்லை. ஆங்கிலம் படிக்கத் தொடங்கினார்.

அவர் மெட்ரிகுலேஷன் தேறியது 1881ல். அப்போது வயது 23. கூடப் படித்த பையன்கள் அவரைவிடச் சிறியவர்கள். அவருக்கோ கல்யாணமும் ஆகிவிட்டது. அதைப் பற்றிக் கவலைப்படாமல் பம்பாயில் கல்லூரியில் சேர்ந்தார். டியூஷன் சொல்லிக் கொடுத்துச் செலவுக்குச் சம்பாதித்தார். 1884ல் எல்பின்ஸ்டன் கல்லூரியிலிருந்து கணிதத்தில் பி.ஏ. பட்டம் பெற்றார்.

பட்டம் பெற்ற பிறகும் பம்பாயில் அவர் வாழ்க்கை நம்மில் பலர் வாழும் வாழ்க்கைதான். ஒரு பள்ளிக்கூடத்திலிருந்து இன்னொரு பள்ளிக்கூடத்துக்கு ஓட்டம், நடுவில் டியூஷன். சிறிய ஜாகையில் மனைவி, பிள்ளை, ஊரிலிருந்து படிக்க வந்த உறவுக்காரப் பையன்கள். அப்படி அவரது வீட்டில் தங்கிப் படித்தவர்களில் ஒருவர்தான் ஆர்.பி. பராஞ்சபே. பின்னாளில் கேம்பிரிட்ஜ் பல்கலைக்கழகக் கணிதத் தேர்வில் முதலிடம் பெற்று, சீனியர் ராங்லர் ஆன முதல் இந்தியர் அவர்.

வரவு குறைவு, செலவு அதிகம் என்று யாரையும் கைவிடாமல், வந்த வருமானத்தில் ஒரு பங்கைப் பொதுக் காரியத்துக்கென்று எடுத்து வைக்கும் பழக்கத்தையும் அந்த நாளிலேயே கார்வே வைத்துக்கொண்டார். இந்தப் பழக்கம் பின்னால் எவ்வளவு பெரிதாகக் கை கொடுத்தது என்பதைப் பார்க்கப் போகிறோம்.

ஊர் விலக்கிய கல்யாணம்

1891 அவர் வாழ்க்கையைப் புரட்டிப் போட்ட ஆண்டு. சிறு வயதிலேயே கைப்பிடித்த மனைவி ராதாபாய் இறந்து போனார். அதே ஆண்டில் கோபாலகிருஷ்ண கோகலே அழைத்ததன் பேரில் புனே பெர்கூசன் கல்லூரியில் கணிதப் பேராசிரியராகச் சேர்ந்தார். சம்பளம் பெரிதில்லை. நாட்டுக்குக் கல்வி தருவதற்காகக் குறைந்த சம்பளத்தில் உழைப்பது என்று உறுதி எடுத்துக்கொண்டவர்கள் நடத்திய கல்லூரி அது.

மனைவியை இழந்த ஆணுக்கு மறுநாளே பெண் பார்க்கும் காலம். முப்பது வயதைத் தாண்டியவருக்கும் பத்து, பன்னிரண்டு வயதுச் சிறுமியைக் கட்டி வைப்பார்கள். கணவனை இழந்த பெண்ணுக்கோ ஆயுள் முழுவதும் சிறை. தலையை மழித்து, நல்ல துணி கொடுக்காமல், மங்கல காரியம் எதிலும் முகம் காட்ட விடாமல் மூலையில் உட்கார வைத்துவிடுவார்கள். ஏழு, எட்டு வயதில் தாலி இழந்த குழந்தைக்கும் இதே தண்டனைதான்.

1856லேயே விதவை மறுமணத்துக்குச் சட்டம் வந்துவிட்டது. ஆனால் சட்டம் தாளில் இருந்தது. வழக்கம் வீட்டில் இருந்தது.

மறுமணம் செய்துகொண்டால் ஒரு விதவையைத்தான் மணப்பேன், இல்லாவிட்டால் இப்படியே இருந்து விடுவேன் என்று கார்வே தீர்மானித்தார். பம்பாயில் அவருடைய நண்பராக இருந்த நரஹர பந்த் ஜோஷியின் தங்கை கோதுபாய். எட்டு வயதில் மணமாகி, மூன்றே மாதத்தில் கணவனை இழந்தவர். பண்டித ரமாபாய் நடத்திய சாரதா சதனில் சேர்ந்த முதல் விதவை மாணவி அவர்தான். 1893 மார்ச் 11ஆம் தேதி கார்வேக்கும் அவருக்கும் புனேயில் திருமணம் நடந்தது. ஆனந்திபாய் என்ற புதுப்பெயரோடு புது வாழ்வைத் தொடங்கினார் அந்த அம்மையார்.

மணமக்கள் சொந்த ஊரான முருட்டுக்குப் போனபோது ஊர் கொதித்து எழுந்தது. கூட்டம் கூடியது. கார்வேயை யாரும் வீட்டில் சேர்க்கக் கூடாது, அவர் இருக்கும் இடத்தில் உட்காரக் கூடாது, அண்ணன் குடும்பம் அவரைச் சேர்த்துக்கொண்டால் அந்தக் குடும்பத்துக்கும் அதே கதி என்று தீர்மானம் போட்டார்கள். பெற்ற தாயும் கூடப் பிறந்த அண்ணனும் அவரோடு உறவு கொண்டாட அஞ்சும் நிலை வந்தது. ஊரை விட்டுப் பிழைக்கப் போனவனுக்கு, ஊர் தன்னை வேண்டாம் என்று சொல்வதைவிடப் பெரிய அடி வேறென்ன இருக்க முடியும்? இது நமக்குப் புரியாததல்ல.

கார்வே ஊரோடு சண்டை பிடிக்கவில்லை; யாரையும் ஏசவும் இல்லை. மன்னிப்பும் கேட்கவில்லை. புனேக்குத் திரும்பி, விதவை மறுமணத்துக்கு ஆதரவு தேடும் சங்கம் ஒன்றை அந்த ஆண்டே நண்பர்களோடு தொடங்கினார்.

ஹிங்ணே குடிசை

சில ஆண்டு வேலை செய்து பார்த்ததில் அவருக்கு ஒன்று தெளிவாகியது. மறுமணம் செய்துகொள்ளத் துணியும் பெண்கள் மிகச் சிலர். மற்றவர்களின் கதி என்ன? அவர்களுக்குக் கல்வியும் கைத்தொழிலும் கிடைத்தால் யார் தயவும் இல்லாமல் பிழைப்பார்கள். மறுமணம் வேண்டுமா வேண்டாமா என்பதைப் பிறகு அவர்களே முடிவு செய்துகொள்ளட்டும். இந்த எண்ணத்தோடு 1896ல் அனாத பாலிகாசிரமத்துக்கான சங்கத்தைத் தொடங்கினார். முதல் நன்கொடை அவருடையதுதான். அதுவரை சேர்த்து வைத்திருந்ததிலிருந்து 1,000 ரூபாய்.

ஆசிரமம் முதலில் புனே நகரத்தில் வாடகை வீட்டில் நடந்தது. பிளேக் நோய் பரவியதும் ஊருக்கு வெளியே போக வேண்டியதாயிற்று. ராவ் பகதூர் கணேஷ் கோவிந்த் கோகலே என்ற பெரியவர் ஹிங்ணே கிராமத்தில் ஆறு ஏக்கர் நிலம் கொடுத்தார். 1900ல் அங்கே ஒரு குடிசை எழும்பியது. சுற்றிலும் முள்ளும் புதரும். ஒழுங்கான பாதை கிடையாது. கார்வேக்கு வேலையோ நகரத்துக் கல்லூரியில்.

அப்போதுதான் அந்த நடை ஆரம்பமானது. பகல் முழுவதும் கல்லூரியில் பாடம். மாலையில், ஆசிரமத்துக்கு வேண்டிய சாமான்களைத் தோளிலும் கையிலும் சுமந்துகொண்டு சுமார் நான்கு மைல் நடப்பார். இரவு அந்தப் பெண்களுக்குப் பாடம் சொல்லிக் கொடுப்பார். அங்கேயே படுத்து எழுந்து, காலையில் மறுபடி நான்கு மைல் நடந்து கல்லூரிக்கு வந்துவிடுவார். மழைக்காலத்தில் முழங்கால் சேறு. ஏறக்குறைய இரண்டு ஆண்டு இப்படி நடந்திருக்கிறார்.

கணக்கு வாத்தியாரின் கதை என்பதால் நாமும் ஒரு கணக்குப் போட்டுப் பார்ப்போம். போக வர எட்டு மைல். ஆண்டுக்கு 250 நாள் என்று வைத்துக்கொண்டாலும் 2,000 மைல் ஆகிறது. இதைப் பாராட்ட அந்தப் பாதையில் யாரும் நிற்கவில்லை. வழியில் பார்த்தவர்கள் சிலர் வசை பாடினார்கள். ஆனாலும் மறுநாள் மாலை அதே நேரத்துக்கு அவர் கிளம்பிவிடுவார்.

இந்த உழைப்புக்கு வீட்டிலும் ஒரு விலை இருந்தது. அதைக் கொடுத்தவர் ஆனந்திபாய். குழந்தைகளை வளர்ப்பதும், குறைந்த வருமானத்தில் குடும்பத்தை ஓட்டுவதும் அவர் தலையில் விழுந்தன. கையில் மிஞ்சும் காசெல்லாம் ஆசிரமத்துக்குப் போவதைப் பார்த்துக்கொண்டு இருப்பது ஒரு தாய்க்கு எளிதாக இருந்திருக்காது. தம் அனுபவங்களைப் பின்னாளில் அவரே புத்தகமாக எழுதி வைத்தார். கார்வேயின் பெருமையைப் பேசுகிறவர்கள் இந்த அம்மையாரை மறந்துவிடக் கூடாது.

அவருடைய தங்கை பார்வதிபாய் ஆதவலேயும் இளம் வயதில் கணவனை இழந்தவர். கையில் ஒரு பிள்ளை. வயது வந்த பிறகு எழுத்தும் கணக்கும் கற்றுக்கொண்டு ஆசிரமப் பணியில் இறங்கினார். ஊர் ஊராகச் சென்று நன்கொடை திரட்டினார். அமெரிக்கா வரை போய் வந்தார். தினம் ஒரு பாடம் என்று படித்த பெண் எவ்வளவு தூரம் போக முடியும் என்பதற்கு அவரே அத்தாட்சி.

கார்வேயின் சாமர்த்தியத்தையும் சொல்ல வேண்டும். ஆசிரமத்தில் சேர்த்தால் நம் பெண்ணுக்கு மறுமணம் செய்து வைத்துவிடுவார் என்று பெற்றோர்கள் பயந்தார்கள். அந்தப் பயத்தைப் போக்குவதற்காக மறுமணச் சங்கத்தின் பொறுப்பிலிருந்து அவர் விலகிக்கொண்டார். சீர்திருத்தக்காரர்கள் சிலருக்கு இது பிடிக்கவில்லை. ஆனால் பெண்கள் படிக்க வந்தார்கள். எதை விட்டுக் கொடுக்கலாம், எதை விடக் கூடாது என்பது அவருக்குத் தெரிந்திருந்தது. கல்லூரி விடுமுறை நாட்களில் ஊர் ஊராகப் போய்ப் பணம் திரட்டினார். யார் எவ்வளவு சிறிய தொகை கொடுத்தாலும் வாங்கிக்கொள்வார், கணக்கில் எழுதுவார். கணக்குச் சுத்தமாக இருந்ததால் கொடுத்தவர்கள் மறுபடியும் கொடுத்தார்கள்.

ஐந்து மாணவிகளோடு ஒரு பல்கலைக்கழகம்

1907ல் எல்லாப் பெண்களுக்குமான மகளிர் வித்யாலயம் ஹிங்ணே திட்டத்தில் சேர்ந்தது. 1914ல் கல்லூரி வேலையிலிருந்து கார்வே ஓய்வு பெற்றார். வயது 56. இனி வீட்டில் உட்காரலாம் என்று மற்றவர்கள் நினைக்கும் வயது. ஜப்பானில் பெண்களுக்கென்று தனிப் பல்கலைக்கழகம் நடப்பதைப் பற்றிய ஒரு சிறு புத்தகம் அவர் கைக்குக் கிடைத்தது. நம் நாட்டில் ஏன் கூடாது என்ற எண்ணம் பிறந்தது. 1915ல் பம்பாயில் கூடிய சமூகச் சீர்திருத்த மாநாட்டுக்குத் தலைமை வகித்தபோது அந்த யோசனையை வெளியிட்டார். 1916ல் தொடங்கியே விட்டார்.

கல்லூரி வகுப்பில் சேர்ந்த மாணவிகள் எத்தனை பேர்? ஐந்தே பேர். ஐந்து பேரை வைத்துக்கொண்டு பல்கலைக்கழகமா என்று கேலி செய்தவர்கள் உண்டு. பாடங்களைத் தாய்மொழியில் நடத்துவது, ஆங்கிலத்தை ஒரு பாடமாகக் கற்பிப்பது என்பது அவர் வகுத்த முறை. இதனால் தரம் குறையும் என்று படித்தவர்களே எதிர்த்தார்கள். சர்க்கார் அங்கீகாரமும் இல்லை.

1920ல் பம்பாய் ஆலை முதலாளி சர் விட்டல்தாஸ் தாக்கர்சி 15 லட்சம் ரூபாய் நன்கொடை அளிக்க முன்வந்தார். அவருடைய தாயார் நாதிபாய் தாமோதர் தாக்கர்சியின் பெயர் பல்கலைக்கழகத்துக்குச் சூட்டப்பட்டது. இன்று நாம் எஸ்.என்.டி.டி. என்று சுருக்கமாகச் சொல்வது அதைத்தான். 1936ல் அதன் தலைமையகம் பம்பாய்க்கு வந்தது. சட்டப்படியான அங்கீகாரத்துக்கு வழி பிறந்தது 1949ல். அது நடைமுறைக்கு வந்தது 1951ல். தொடங்கி 35 ஆண்டுகள்! அவ்வளவு காலமும், சட்டம் ஒப்புக்கொள்ளாத பட்டம் என்று தெரிந்தும் பெண்கள் படித்தார்கள். அவர் விடாமல் நடத்தினார். சர்ச்கேட்டிலும் ஜூஹூவிலும் புனேயிலும் இன்று அந்தப் பல்கலைக்கழகத்தில் பல்லாயிரம் பெண்கள் படிக்கிறார்கள். நம் தமிழ்க் குடும்பத்துப் பெண்களும் அதில் உண்டு.

ஓய்வு அறியாத முதுமை

1929ல், 71 வயதில், இங்கிலாந்து, ஐரோப்பா, அமெரிக்கா, ஜப்பான் என்று உலகைச் சுற்றினார். எந்தப் பல்கலைக்கழகத்தைப் பற்றிப் படித்துவிட்டுத் தம் வேலையைத் தொடங்கினாரோ, அதை டோக்கியோவில் நேரில் பார்த்தார். அடுத்துக் கிழக்கு ஆப்பிரிக்காவிலும் தென்னாப்பிரிக்காவிலும் வாழும் இந்தியர்களிடம் நிதி திரட்டப் போனார். 1936ல், 78 வயதில், பள்ளிக்கூடமே இல்லாத கிராமங்களில் ஆரம்பப் பள்ளி திறக்க ஒரு சங்கம் அமைத்தார்.

ஹிங்ணே ஆசிரமத்தில் தொடக்க காலத்தில் இருந்தவர்கள் பெரும்பாலும் மேல்சாதி விதவைகளே. இந்தக் குறையைச் சுட்டிக் காட்டுகிறவர்கள் உண்டு; அதில் நியாயமும் உண்டு. ஆனால் கார்வே அங்கேயே நின்றுவிடவில்லை. 1944ல், 86 வயதில், சாதி வேற்றுமை ஒழிந்து மனிதர் எல்லாரும் சமம் என்ற எண்ணம் பரவுவதற்காகச் சமதா சங்கத்தை அமைத்தார். ஊரை மாறச் சொன்னவர், தாமும் மாறிக்கொண்டே இருந்தார்.

ஆனந்திபாய் 1950ல் மறைந்தார். கார்வேக்கு 1955ல் பத்ம விபூஷண், 1958ல் பாரத ரத்னா கிடைத்தன. அதே 1958ல் அவருடைய நூறாவது பிறந்த நாளன்று அவர் படத்தோடு தபால்தலை வெளியிடப்பட்டது. உயிரோடு இருக்கும்போதே இந்தியத் தபால்தலையில் இடம் பெற்ற முதல் இந்தியர் அவர். ஒரு காலத்தில் சொந்த ஊரே தள்ளி வைத்த மனிதரின் முகம் நாடெங்கும் கடித உறைகளில் வீடு வீடாகப் போனது. 1962 நவம்பர் 9ஆம் தேதி, 104 வயதில் புனேயில் காலமானார்.

எறும்பு ஊரக் கல்லும் தேயும் என்பது நம் பழமொழி. கல்லுக்கு அது தெரியாது, எறும்புக்கும் தெரியாது. தேய்ந்த பிறகுதான் உலகத்துக்குத் தெரியும். கார்வே பெரிய பணக்காரரும் அல்ல, பெரிய மேதாவியும் அல்ல. 23 வயதில் மெட்ரிக் தேறியவர், மாதச் சம்பளத்தில் குடும்பம் நடத்தியவர்.

அவரிடம் இருந்தவை நமக்கும் எட்டக்கூடியவைதான்: வேலை முடிந்த பிறகு மிஞ்சும் ஒரு சில மணி நேரம், சம்பளத்தில் எடுத்து வைத்த சிறு தொகை, நேற்று விட்ட இடத்திலிருந்து இன்று தொடரும் பிடிவாதம். இரவுக் கல்லூரியில் சேரலாமா, இந்த வயதில் டைப்பும் சுருக்கெழுத்தும் கம்ப்யூட்டரும் படிப்பதா, பெண்ணை மேலே படிக்க வைத்தால் ஊரில் என்ன சொல்வார்கள் என்று தயங்குகிறவர்கள், மழையில் சாமான் மூட்டையோடு ஹிங்ணே பாதையில் நடந்த அந்த மனிதரை ஒரு முறை நினைத்துப் பார்க்கட்டும். ஊர் சொல்வதைச் சொல்லிக்கொண்டுதான் இருக்கும். அதற்குள் நாம் நான்கு மைல் நடந்திருக்கலாம்.